மறு: கறுப்புச் ‘சாக்’குக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.
ஓவிய மாணவர்களுக்கான பாடமொன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமின் உருவப்பட ஓவியர்கள் யாக்கோப் பாக்கர், கோவர்ட் ஃபிளிங்க் இருவரும் ஆளை எதிரே இருத்தி, நீலத்தாளில் கறுப்பு, வெள்ளைச் சாக்கால் (chalk, ஓவியர் கோடிழுக்கும் கட்டி) வரைந்தார்கள். ‘சாக்கு’ என்று எழுதினால் கோணிப்பைதான் நினைவுக்கு வருகிறது. ‘கருஞ்சுண்ணக்கட்டி’ சரிதானா?

> கருஞ்சுண்ணக்கட்டி

தாராளமாக எழுதுங்கள். சுண்ணம் என்றதும் சுண்ணாம்பு என்று எண்ணுவதால் வரும் தயக்கம் இது. சுண்ணம் என்றால் பொடி. திருப்பொற்சுண்ணத்தில் மாணிக்கவாசகர் இடிக்கச் சொல்வது சுண்ணாம்பையா? வாசப்பொடியை. பொடி எந்த நிறத்திலும் இருக்கலாம்.

ஐயா, பொடி என்றால் அப்புறம் ‘கட்டி’ எதற்கு? சுண்ணமே ‘சூர்ண’த்தின் வழி வந்தது என்பதையும் விட்டுவிடுகிறேன். பொருளைப் பார்ப்போம். அவர்கள் பிடித்தது வெட்டியெடுத்த கல். கரிமம் கலந்த மென்மையான களிக்கல். அதில் சுண்ணாம்பே இல்லை. ரெம்பிராண்ட் வரைந்த சிவப்புச் சாக், இரும்பேறிய மண்; நம் காவிக்கல்லேதான். எனவே காவிக்கல், கரிக்கல், வெள்ளைக்குப் பலப்பம்.

> கரிக்கல்

நிலக்கரி என்று படிப்பார்கள், அம்மா. கரித்துண்டும் ஓவியர் கையில் உண்டு, அதனோடும் குழம்பும். கரித்துண்டுக் கோடு துணியால் தட்டினால் உதிரும், கறுப்புச் சாக் தாளைப் பற்றிக்கொள்ளும். பலப்பமோ தாளில் கீறும். டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற ஓவியர் பீட்டர் லெலியின் கார்ட்டர் (இங்கிலாந்து அரசரின் வீரப்பெருமக்கள் குழு) ஊர்வலப் படங்களைப் பாருங்கள். அங்கியின் மடிப்புக்குழி கறுப்பு. மடிப்பின் முகட்டில் வெள்ளை ஒரே இழுப்பு, பட்டு பளபளக்கிறது. நடுநிறம் முழுக்கத் தாள் தருவது. இப்படி இழைக்கும் பொருளைப் பலப்பம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கருவியை விடுங்கள், வரைவுக்குப் பெயர் நெடுநல்வாடையிலேயே இருக்கிறது: ‘புனையா ஓவியம்’. வண்ணம் தீட்டாத கோட்டுருவம். இதைவிட என்ன வேண்டும்?

அழகான சொல். ஆனால் லெலி வெள்ளையால் புனைந்துவிட்டாரே! தவிர, முதலாண்டு மாணவருக்குப் பொருள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ‘உருவ வரைவு’ போதும்.

நண்பர்களே, வெள்ளி மாலை ஆகிவிட்டது. ‘காவிக்கல்’லுக்கு எதிர்ப்பே இல்லை, எடுத்துக்கொண்டேன். கறுப்புக்குப் பெரும்பாலோர் சொன்ன ‘கருஞ்சுண்ணக்கட்டி’யை இட்டு, சுண்ணாம்பல்ல என்று அடிக்குறிப்பும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

அடிக்குறிப்பு கேட்கும் சொல் தவறான சொல். கல்லைக் கல் என்றே சொல்லுங்கள். அடுத்த பதிப்பிலாவது மாற்ற வேண்டுகிறேன்.