டிரம்ப் - சாய் தொலைபேசிப் பேச்சு: "போன் போட்டது அவர்தானே" என்றால் எல்லாம் சரியாகிவிடுமா?

மாறன்:
செங்கோல் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2016 டிசம்பர் 2 அன்று, தேர்தலில் ஜெயித்துப் பதவியேற்கக் காத்திருந்த டிரம்ப், தைவான் அதிபர் சாய் இங்-வென்னுடன் பேசியது "சும்மா ஒரு வாழ்த்து, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை" என்கிறார். 1979 ஜனவரி 1 அன்று அமெரிக்கா பெய்ஜிங்கை, அதாவது சீன அரசை, அங்கீகரித்து தைவான் தலைநகர் தைபேயுடன் அரசு உறவை முறித்துக்கொண்டது. அதற்குப் பிறகு 37 வருஷம், பதவியில் இருந்த அமெரிக்க அதிபரோ பதவியேற்கக் காத்திருந்தவரோ ஒருவர்கூட தைவான் தலைவருடன் நேரடியாகப் பேசியதாக வெளியே தெரிந்ததில்லை. தைபேயில் தூதரகம் என்று பலகை வைக்க முடியாமல் 'இன்ஸ்டிட்யூட்' என்று பெயர் வைத்துத்தான் அமெரிக்கா வேலையை ஓட்டுகிறது. அத்தனை ஜாக்கிரதையாகக் கட்டிக் காத்ததைப் பத்து நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டு, நஷ்டமே இல்லை என்றால்? நஷ்டம் வந்தது. பேசி முடித்துவிட்டுப் போன டிரம்புக்கு இல்லை, தைவானுக்கு.

செங்கோல்:
என் பெயரைச் சொல்லியே ஆரம்பித்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஒரே கேள்வி. போன் போட்டது யார்? சாய். டிரம்ப் அன்றைக்கே ட்விட்டரில் எழுதினார், தைவான் அதிபர் "என்னை அழைத்தார்" என்று, அதுவும் அந்த இரண்டு சொல்லை மட்டும் பெரிய எழுத்தில். வந்த போனை எடுப்பது எந்த ஊர் நெறிமுறை மீறல்? 2017 ஜனவரி 20 வரை அவர் அதிபரும் இல்லை. தைவானுக்குப் பில்லியன் கணக்கில் ஆயுதம் விற்கலாம், வாழ்த்துச் சொல்ல வரும் போனை எடுக்கக் கூடாதா என்று அவரே கேட்டார். நீங்கள் உட்பட யாரும் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

மாறன்:
பதில் சொல்கிறேன். தெரியாத நம்பரிலிருந்து நடு ராத்திரியில் வந்த போன் இல்லை அது. சாயின் செய்தித் தொடர்பாளர் அலெக்ஸ் ஹுவாங், தொடர்புகொள்வதற்கு முன்பே இரு தரப்பும் ஒப்புக்கொண்டுதான் பேசினார்கள் என்று ராய்ட்டர்ஸிடம் வெளிப்படையாகச் சொன்னார். முன்னாள் செனட்டர் பாப் டோல் வேலை பார்த்த சட்ட நிறுவனம் இதற்காக மாதக்கணக்கில் உழைத்தது. 2016 மே முதல் அக்டோபர் வரை தைவான் தரப்பிடம் அந்த நிறுவனம் 1,40,000 டாலர் வாங்கியதற்கு அரசு ஆவணமே இருக்கிறது. வாஷிங்டனில் அப்போது ஒபாமா இருந்த வெள்ளை மாளிகைக்கே பேசி முடிந்த பிறகுதான் விஷயம் தெரியும். தைபே வெளியிட்ட படத்தைப் பாருங்கள்: சாய் போனில் பேசுகிறார், பக்கத்தில் தேசியப் பாதுகாப்புக் குழுவின் ஜோசப் வூவும் வெளியுறவு அமைச்சர் டேவிட் லீயும். தற்செயலாக வந்த போனுக்கு இப்படித்தான் ஆள் கூட்டி வைத்துக்கொண்டு உட்காருவார்களா?

தேனருவி:
இரண்டு பேருக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். 'நெறிமுறை' என்று எதைச் சொல்கிறீர்கள்? பெய்ஜிங் சொல்லும் ஒரே சீனக் கோட்பாடு வேறு, அமெரிக்காவின் ஒரே சீனக் கொள்கை வேறு. முதலாவது தைவான் சீனாவின் பகுதி என்கிறது. இரண்டாவது, சீனா அப்படிச் சொல்வது தெரியும் என்ற அளவில் நிற்கிறது. அமெரிக்காவும் சீனாவும் வெளியிட்ட 1972 ஷாங்காய் அறிக்கையும் 1979 கூட்டறிக்கையும் அப்படித்தான் போகின்றன. எதை மீறினார் என்பதை முடிவு செய்துவிட்டுச் சண்டை போட்டால் படிக்கிறவர்களுக்கும் உதவும்.

செங்கோல்:
அவர் எடுத்துக்காட்டிய எல்லாமே என் பக்கம்தான் பேசுகிறது. டோலுக்குப் பணம் கொடுத்தது யார்? தைபே. ஆள் கூட்டி உட்கார்ந்தது யார்? தைபே. போன் போட்டது யார்? தைபே. சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ மறுநாளே என்ன சொன்னார்? தைவான் செய்த அற்ப வேலை என்றார். டிரம்பை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெய்ஜிங்குக்கே புரிந்தது மாறனுக்குப் புரியவில்லை.

மாறன்:
வாங் யீ சொன்னதை நீங்களே கொண்டுவந்தது நல்லதாயிற்று. அதைத்தான் நானும் சொல்கிறேன். உலகத்தின் பலமான படையை ஏழு வாரத்தில் கையில் எடுக்கப்போகிற மனிதரைத் திட்டினால் சிக்கல், தீவைத் திட்டினால் சிக்கலில்லை. அதனால் 'போன் போட்டது தைபே' என்ற கதை பெய்ஜிங்குக்கு வசதியாக இருந்தது. டிரம்புக்கும் அதுவே வசதி, அதனால்தான் அந்தப் பெரிய எழுத்து. இரண்டு பக்கமும் சேர்ந்து பழியை ஒரே இடத்தில் இறக்கிவைத்தார்கள், அதை நீங்கள் இன்றைக்கும் சுமந்து திரிகிறீர்கள்.

அதோடு நின்றதா? டிசம்பர் 11 அன்று ஃபாக்ஸ் நியூஸ் பேட்டியில், வர்த்தகம் போன்ற விஷயங்களில் சீனா ஒப்பந்தத்துக்கு வராவிட்டால் ஒரே சீனக் கொள்கைக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று டிரம்ப் கேட்டார். இரண்டு கோடியே முப்பது லட்சம் பேர் வாழும் தீவை சந்தையில் பேரம் பேசும் துண்டுக்கடியில் வைத்துவிட்டார். அதற்கும் சாய்தான் போன் போட்டாரா? டிசம்பர் 15 அன்று பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவுக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படையின் நீருக்கடி டிரோனை சீனக் கப்பல் தூக்கிக்கொண்டு போனது, 20ஆம் தேதிதான் திருப்பிக் கொடுத்தது. அதே வாரத்தில் ஆப்பிரிக்கத் தீவு நாடான சாவோ தோமே தைவானுடன் உறவை முறித்தது, 26ஆம் தேதி பெய்ஜிங்குடன் கைகுலுக்கியது. சீனாவின் லியாவ்னிங் விமானந்தாங்கிக் கப்பல் தைவானைச் சுற்றிக்கொண்டு போய், ஜனவரியில் சீனாவுக்கும் தைவானுக்கும் நடுவில் உள்ள நீரிணை வழியாகவே திரும்பியது. நஷ்டம் இல்லையாம்.

கருங்குயில்:
மாறன், கோபம் நியாயம், ஆனால் கணக்கு இடிக்கிறது. சாவோ தோமே போனது பணத்துக்காக. அவர்கள் வானளாவிய தொகை கேட்டதாக டேவிட் லீயே சொன்னார். முன்பு தைவானோடு இருந்த காம்பியாவுடன் பெய்ஜிங் உறவைப் புதுப்பித்தது 2016 மார்ச்சில், சாய் பதவியேற்பதற்கும் முன்னால். சீனா ஒன்றுதான் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் 1992 ஒருமித்த கருத்தை சாய் ஏற்கவில்லை என்று சொல்லி, தைபேயுடன் வைத்திருந்த அதிகாரபூர்வத் தொடர்பை பெய்ஜிங் நிறுத்தியது ஜூனில். அப்போது டிரம்ப் தேர்தலில் ஜெயிக்கவே இல்லை. சாய் வந்தபோது 22 நாடுகள் தைவானை அங்கீகரித்திருந்தன, 2024இல் அவர் போகும்போது 12. பத்தும் அந்த ஒரே போனால் போனவையா?

மாறன்:
பத்தும் என்று நான் சொன்னேனா? சாவோ தோமே பணம் கேட்டது உண்மைதான். ஆனால் எந்த வாரத்தில் போனது என்பதைப் பாருங்கள். நெருக்குதல் ஜூனிலேயே இருந்தது என்றால் டிசம்பரில் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும், அதைத்தானே உங்கள் கணக்கு காட்டுகிறது?

பழைய பாடமும் இருக்கிறது. 1995இல் அப்போதைய தைவான் அதிபர் லீ தெங்-ஹுய் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போக விசா கொடுத்தார்கள். அந்த விசாவைக் கொடுக்கச் சொல்லி பிரதிநிதிகள் சபையில் 396-0, செனட்டில் 97-1 என்று கைதூக்கியவர்கள் அமெரிக்கர்கள். ஜூலையில் சீன ஏவுகணை வந்து விழுந்தது தைவானை ஒட்டிய கடலில். 1996 மார்ச்சில் தேர்தல் நேரத்தில் மறுபடியும். அமெரிக்கா விமானந்தாங்கிக் குழு இரண்டை அனுப்பியது சரி, ஆனால் அந்த மாதங்களைப் பயத்தோடு கழித்தது தைவான் மக்கள்தான்.

செங்கோல்:
அந்த 1996 தேர்தலில் லீ 54 சதவீதம் வாங்கி ஜெயித்தார், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பயந்த மக்கள் அப்படியா ஓட்டுப் போடுவார்கள்? சரி, கேள்வி அதுவும் இல்லை. 2016இல் போன் போட்டது யார்?

ஓலைச்சுவடி:
நம் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். 2024 ஜூனில் தைவான் அதிபர் லாய் சிங்-தே எக்ஸில் மோடிக்கு வாழ்த்துச் சொன்னார், மோடி பெயர் குறிப்பிட்டு நன்றி சொன்னார். சீனா எதிர்ப்புத் தெரிவித்தது. அவ்வளவுதான். கப்பலும் வரவில்லை, ஏவுகணையும் வரவில்லை. 2010க்குப் பிறகு சீனாவுடன் வெளியிடும் கூட்டறிக்கைகளில் ஒரே சீனா என்ற வாசகத்தையே இந்தியா சேர்ப்பதில்லை. தைரியமாக நின்றால் ஒன்றும் ஆகாது.

கருங்குயில்:
எக்ஸில் நாலு வரி எழுதுவதும் ஆயுதம் விற்கிற நாட்டின் அடுத்த அதிபர் நேரில் பேசுவதும் ஒன்றா, ஓலைச்சுவடி? அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்த பெலோசி தைவான் போனபோதும் நீங்கள் இதே 'தைரியமாக நின்றால்' பாட்டுத்தான் பாடினீர்கள். 2022 ஆகஸ்டில் என்ன ஆனது? தீவைச் சுற்றிப் பயிற்சி, ஏவுகணைகளில் 5 ஜப்பானின் பொருளாதார மண்டலத்துக்குள் விழுந்ததாக ஜப்பான் சொன்னது, இராணுவத் தளபதிகள் பேசிக்கொள்ளும் வழியையும் பருவநிலைப் பேச்சையும் சீனா மூடியது.

ஓலைச்சுவடி:
போர் வந்துவிடும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்போது எழுதியவர் நீங்கள். எழுதித்தான் வைத்திருக்கிறேன். வந்ததா?

தேனருவி:
நான் கேட்டதை ஒருவரும் தொடவில்லை.

செங்கோல்:
தொடமாட்டார்கள், தொட்டால் சாய்தான் போன் போட்டார் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

மாறன்:
அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள், செங்கோல்? 2017 பிப்ரவரி 9 அன்று டிரம்ப் ஷி ஜின்பிங்குடன் போனில் பேசினார். ஷி கேட்டுக்கொண்டதற்கு இணங்க ஒரே சீனக் கொள்கையை மதிப்பதாக ஒப்புக்கொண்டார் என்று வெள்ளை மாளிகை அறிக்கை விட்டது. ஏப்ரலில், தேவைப்பட்டால் மறுபடி டிரம்புடன் பேசலாம் என்று சாய் சொன்னார். ராய்ட்டர்ஸ் அதைக் கேட்டபோது டிரம்ப் சொன்னது, முதலில் ஷியிடம் பேசிவிட்டுத்தான். டிசம்பரில் சீனாவைக் கேட்காமல் பேசியவர், ஏப்ரலில் சீனாவைக் கேட்காமல் பேசமாட்டேன் என்கிறார். தைவான் டிசம்பர் 1 அன்று நின்ற இடத்தைவிட ஒரு படி கீழே இறங்கியது. ஜூனில் பனாமாவும் கைவிட்டது. இதற்கு உங்களிடம் ஏதாவது பதில் இருந்தால் எழுதுங்கள். போனை யார் போட்டார் என்பதை விட்டுவிட்டு எழுதுங்கள்.

செங்கோல்:
அதே ஜூனில் 140 கோடி டாலர் ஆயுதம் தைவானுக்கு விற்க ஒப்புதல் கொடுத்தது யார்? அதே டிரம்ப். 2018 மார்ச்சில், இரு பக்க அதிகாரிகளும் போய்வர ஊக்கம் தரும் தைவான் பயணச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். படி இறங்கியதாம். போனை யார் போட்டார் என்பதை விடவும் மாட்டேன், முதலில் அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.