வடசென்னையில் தனியாகத் தங்க எந்தப் பகுதி சரி?

வணக்கம். நான் தென்காசிக்காரி. பொங்கல் முடிந்ததும் ஒரு வாரம் வடசென்னையில் தனியாகத் தங்கி, காசிமேடு மீன் ஏலம், 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் எல்லாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தங்க இடம்தான் அமையவில்லை. நாள் வாடகை ஆயிரத்துக்குள்.

ஆப்பில் தேடினால் எழும்பூர், பெரியமேடு என்றே காட்டுகிறது. மண்ணடியில் ஒரு லாட்ஜுக்குப் போன் செய்தேன். "கூட யாரும்மா வர்றாங்க?" என்றார்கள். தனியாகத்தான் என்றதும் ரூம் இல்லை என்றுவிட்டார்கள். எனக்கு 41 வயது! மகளிர் விடுதிகளிலோ மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

ஏலம் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும், அந்நேரம் மெட்ரோ ஓடாது. அதனால் ஆட்டோவில் சீக்கிரம் போகிற தூரம், தெருவிளக்கு, ராத்திரி ஒன்பதுக்கு மேலும் திறந்திருக்கும் டிபன் கடை, இவைதான் எனக்கு முக்கியம். திருவொற்றியூர் தேரடி மெட்ரோ பக்கம் மனதுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஓடுமே, அதுதான் யோசனை. பெரம்பூர் தள்ளி இருக்கிறது, விட்டுவிட்டேன்.

தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி இந்த மூன்றில், ஒரு பெண் விடிகாலை மூன்று மணிக்குப் பயமில்லாமல் தெருவில் இறங்க எது சரிப்படும், அங்கே குடியிருப்பவர்கள் சொல்வீர்களா?