தொட்டால் தொடுவினை, தொடாவிட்டால் சைகை

வணக்கம்.

கார்களிலும் செல்பேசிகளிலும் வரும் 'கெஸ்ச்சர் கன்ட்ரோல்' என்பதைச் 'சைகைக் கட்டுப்பாடு' என்று எழுதி வருகிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன். போன மாதம் ஒரு கட்டுரையின் வரைவை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். 'இந்த வண்டியில் சைகைக் கட்டுப்பாடு உண்டு' என்ற வரியில் நிறுத்தி, "ஏம்ப்பா, வண்டிக்குள்ள கை காட்டக் கூடாதா?" என்று கேட்டார். அவர் புரிந்துகொண்டதுதான் சரி. ஊர்க் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு எல்லாமே ஒன்றை அடக்கி வைப்பதுதான். சைகையால் ஒரு கருவியை இயக்குவது என்ற பொருள் அதில் வரவில்லை. 'சைகை இயக்கம்' என்று மாற்றிவிடலாம்.

எனக்குப் பெரிய சிக்கல் அடுத்ததில்தான். செல்பேசியின் கண்ணாடித் திரையில் விரலால் தள்ளுவதும் ஆங்கிலத்தில் கெஸ்ச்சர், காற்றில் விரலைச் சுழற்றுவதும் கெஸ்ச்சர். தமிழில் சைகை என்றால் எதிரில் இருப்பவர் பார்க்கும்படி, தொடாமல் காட்டுவது. பேருந்தை நிறுத்தக் கை காட்டினால் சைகை. கதவைத் தட்டினால் அதைச் சைகை என்போமா?

காற்றில் காட்டுவதற்கு இந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது. 2015இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் விரலை வலமாகச் சுழற்றினால் பாட்டின் ஒலி கூடும். கையை வீசினால் வரும் அழைப்பு துண்டிக்கப்படும். மேலே இருக்கும் கேமரா கையைப் பார்க்கிறது. கூகுளின் பிக்சல் 4 செல்பேசியில் (2019) அந்த வேலையை ஒரு சிறிய ரேடார் செய்தது. அது பயன்படுத்திய 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் அந்தச் செல்பேசி இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. இரண்டிலும் கை எதையும் தொடுவதில்லை.

திரைமேல் செய்வதற்குத் 'தொடுவினை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். தொடுதிரைக்குப் பக்கத்தில் நிற்கும் சொல். தொடுதிரையும் நல்ல வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. இன்னொரு பொருத்தமும் உண்டு. இன்றைய திரைகள் விரல் பட்டதும் மின்புலத்தில் வரும் மாற்றத்தை உணர்பவை, அழுத்தத் தேவையில்லை. இரண்டு படலங்கள் ஒன்றையொன்று தொடும்வரை அழுத்த வேண்டிய பழைய திரையை வேண்டுமானால் 'அழுத்துதிரை' எனலாம்.

'குறிப்பு' என்ற சொல்லையும் யோசித்தேன். குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பிலேயே இரண்டு அதிகாரங்கள் (71, 110) இருக்கின்றன, அவ்வளவு அழகான சொல். ஆனால் செல்பேசியில் 'குறிப்புகள்' என்றால் எழுதி வைக்கும் செயலி என்று ஆகிவிட்டது. மனசில்லாமல்தான் விடுகிறேன்.

இந்தப் பிரிப்பு வெறும் சொல் ஆசை இல்லை. காரில் தொடுதிரை புதிதும் இல்லை. 1986இலேயே அமெரிக்காவின் ப்யூக் ரிவியேராவில் திரையைத் தொட்டு ரேடியோவையும் ஏசியையும் மாற்றினார்கள். பொத்தானைக் கை தடவிக் கண்டுபிடித்துவிடும். வழவழப்பான திரையைப் பார்த்துத்தான் தொட வேண்டும், அந்த நொடியில் கண் சாலையில் இருக்காது. அதனால்தான் ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்புச் சோதனையில், 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமானால் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருக்க வேண்டும். கையேட்டில் 'சைகையால் ஒலியைக் குறைக்கலாம்' என்று படிக்கும் ஓட்டுநர் திரையைத் தேட வேண்டுமா, கையை ஆட்டினால் போதுமா? அதைச் சொல்லே சொல்லிவிட வேண்டும்.

ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டுவதும் சைகைதானே, குழம்பாதா என்று கேட்கலாம். பின்னால் வருபவருக்குக் காட்டுவதை இப்போது வண்டிக்கே காட்டுகிறோம், அவ்வளவுதான். 'சைகை இயக்கம்' என்று சேர்த்துச் சொல்லும்போது குழப்பம் வராது.

அப்புறம், தொடுவினைகளின் தனிப்பெயர்கள். டேப் என்பதற்குத் தட்டு. ஃப்ளிக் என்பதற்குச் சுண்டு. கேரம் ஆடிய யாருக்கும் விளக்க வேண்டாம். பிஞ்ச் என்பதைக் 'கிள்ளு' என்று எழுதுவதை விட்டுவிடலாம். கீரை கிள்ள நகம் வேண்டும். இங்கே விரல்நுனிகள் சேர்கின்றன அல்லது விலகுகின்றன. எனவே குவி, விரி.

ஸ்வைப் ஒன்றுதான் பாக்கி. 'அடுத்த போட்டோவைத் தள்ளு' என்று வீட்டில் சொல்கிறோம். 'எப்பப் பாரு போனைத் தேய்ச்சுக்கிட்டு' என்றும் திட்டுகிறோம். தேய்ப்பதில் விரல் முன்னும் பின்னும் போகும், தள்ளுவதில் ஒரே திசை. என் ஓட்டு 'தள்ளு' பக்கம். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள்?