ரூம் டோனுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளிக்கு முன்

மட்டக்களப்பிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். வானொலி விவரணம் (டாக்குமென்டரி) செய்யப் பழகும் மாணவர்களுக்கு ஒரு கைந்நூல் எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மற்றச் சொற்கள் ஒருவாறு அமைந்துவிட்டன. ரூம் டோன், அதாவது ஒருவரும் பேசாதபோது ஓரிடத்தில் கேட்கும் பின்னணி ஒலி, அது மட்டும் இடறுகிறது.

சொல் ஏன் வேண்டும் என்றால், போன மாதம் ஒரு மாணவி மருதமுனைக்குப் போய் ஒரு கைத்தறி நெசவாளரின் பேச்சைப் பதிந்து வந்தார். நாற்பது நிமிடத்தை ஆறு நிமிடமாக வெட்டவேண்டும். ஓரிடத்தில் நெசவாளர் இருமினார். இருமலை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார் மாணவி. ஹெட்போனில் கேட்டால், பக்கத்து அறைத் தறியின் 'டக்... டக்', மேலே சுற்றும் விசிறியின் இரைச்சல் எல்லாம் அரை விநாடி அறுந்து, கால் தவறிக் கிணற்றில் விழுந்ததுபோல் இருந்தது. பேச்சு முடிந்ததும் ஒருவரும் வாய் திறக்காமல் ஒரு நிமிடம் அந்த இடத்தைப் பதிந்திருந்தால், அதில் ஒரு துண்டை எடுத்து ஒட்டியிருக்கலாம். விசிறி இரைச்சல் எங்கே வெட்டினாலும் ஒட்டும். தறிக்கு அடி பிசகாமல் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது மாணவி கேட்டார்: "அண்ணா, ஒருத்தரும் கதைக்கல்லையே, பிறகு எதப் பதியிற?" நியாயமான கேள்வி. பெயர் இல்லாததை யார் போய்ப் பதிவார்கள்?

களுவாஞ்சிகுடியிலிருந்து:

தம்பி, புதிதாக ஒன்றும் ஆக்கத் தேவையில்லை. குறுந்தொகை 6ஆம் பாட்டை எடுங்கள். பதுமனார் 'நள்ளென் றன்றே யாமம்' என்று தொடங்குகிறார். ஊரே பேச்சடங்கித் தூங்குகிறது, தலைவி மட்டும் விழித்திருக்கிறாள். ஒருவரும் பேசாத நேரத்துக்கும் ஒரு சத்தம் உண்டு, அதுதான் 'நள்'. நெடுநல்வாடையிலும் 'நள்ளென் யாமம்' வருகிறது. நள் + ஒலி = நள்ளொலி. தனிக்குறில் முன் ஒற்று, உயிர் வந்தால் இரட்டும், புணர்ச்சியிலும் குற்றமில்லை.

இன்னும் சொல்கிறேன். நள்ளுதல் என்றால் நெருங்குதல், அதிலிருந்தே நட்பு. நளி என்றால் செறிவு என்கிறது தொல்காப்பியம். பேச்சை விட்டு விலகாமல், அதன் பின்னால் நெருங்கிச் செறிந்து நிற்கும் ஒலிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே கிடைக்கும்?

அக்கரைப்பற்றிலிருந்து:

சேர், வேர் நல்லதுதான். ஆனால் வானொலியில் அது 'நல்லொலி' என்று காதில் விழும். அப்புறம், நடுச்சாமத்துச் சத்தத்தைப் பகல் பன்னிரண்டு மணிக்கு மீன் சந்தையில் நின்று எப்படிக் கேட்பது? நான் இருபது வருடமாக மைக் பிடிக்கிறவன். பதிவு முடிந்தால் கையை உயர்த்தி, "எல்லாரும் அசையாம நில்லுங்க, ரூம் டோன்" என்பேன். எல்லோருக்கும் விளங்கும். ரேடியோவையும் மைக்கையும் ஏற்ற வாய்க்கு இது பாரமா? தமிழ்தான் வேண்டும் என்றால் இடச்சத்தம் என்று வையுங்கள். கடற்கரையிலும் வயலிலும் பதிகிறோமே, அதனால் 'அறை' மட்டும் வேண்டாம்.

கல்லடியிலிருந்து:

தம்பிமார், பாலத்தடியில் தோணியில் இருந்து, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்து வாவி மீன்களின் பாட்டுக் கேட்டிருக்கிறீர்களா? முதலில் வாவியின் இரைச்சல்தான் வரும். காது அதற்குப் பழகிய பிறகே பாட்டு தனியாகப் பிரியும். தம்பூராவும் அப்படித்தான். பாடுகிறவர் நிறுத்தினாலும் சுருதி நிற்காது. நின்றால் சபையே திடுக்கிடும். அந்த மாணவியின் ஒலித்துண்டில் நடந்ததும் அதுவே. இடச்சுருதி என்று வையுங்கள்.

வடசொல் என்று சேர் மறுப்பார், தெரியும். இந்த வாவியின் ஓசையை 'நீரரமகளிர்' பாட்டாக்கிய விபுலாநந்த அடிகள், 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்கிய அறிஞர்களுக்குத் தலைமை தாங்கியவர். அவரும் காதை மூடிக்கொண்டு சொல் செய்யவில்லை.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

தங்கச்சி, அடிகளைக் கூப்பிட்டது நல்லதாய்ப் போயிற்று. 1947இல் அரங்கேறிய யாழ் நூலில் இசைக் கணக்கை அவர் 'அலகு' என்ற தமிழ்ச் சொல்லால்தானே அளக்கிறார்? காரைதீவில் பிறந்தவருக்குக் கைவந்தது நமக்கு ஏன் வராது?

அக்கரைப்பற்றுத் தம்பிக்கு: சத்தம் என்பதும் சப்தம்தான்.

வந்தாறுமூலையிலிருந்து:

நான் இரண்டாம் வருட மாணவன். நாங்கள் இதை 'சும்மா சத்தம்' என்கிறோம். "சும்மா ஒரு நிமிசம் எடுடா" என்றால் எடுத்துவிடுவோம். தொல்காப்பியத்தில் 'சும்மை' என்றால் ஒலி என்று படித்தேன். அதிலிருந்தா 'சும்மா' வந்தது?

களுவாஞ்சிகுடியிலிருந்து:

தம்பி, தேடிப் படித்தீர்களே, மகிழ்ச்சி. 'கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள' என்பது உரியியல். ஆனால் கம்பலையும் கலியும் கூட்டத்தின் ஆரவாரம். சும்மை அவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது. ஆரவாரத்திலிருந்து 'சும்மா இரு' எப்படி வரும்? சும்மைக்குச் சுமை என்றும் பொருள் உண்டு. சும்மாடு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு என்றே நினைக்கிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. அதை ஏன் விடவேண்டும்? இன்னொன்று: விவரணமா ஆவணமா என்பதையும் இப்போதே தீர்த்துவிடலாமே?

மட்டக்களப்பிலிருந்து:

அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணா), அதைத் தொட்டால் அடுத்த வெள்ளியும் போய்விடும். நமக்கு விவரணம் பழகிய சொல், இருக்கட்டும்.

நேற்று வகுப்பில் எல்லாச் சொற்களையும் பலகையில் எழுதி, ஹெட்போனை ஒவ்வொருவர் காதிலும் வைத்து அந்தத் தறிப் பதிவைக் கேட்க வைத்தேன். இடச்சுருதி பிடித்திருந்தது, ஆனால் பாடத் தெரியாதவர்கள் தயங்கினார்கள். சும்மா சத்தம் எல்லோருக்கும் வாயில் வந்தது. ஆனால் சும்மா என்று சொன்னால் தேவையில்லாதது என்று ஆகிவிடும், அழித்தும் விடுவார்கள். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. கடைசியில் இடவொலிக்குத்தான் கூடக் கை உயர்ந்தது. காக்காவின் இடம், சேர் ஏற்கும் ஒலி. கைந்நூலில் 'இடவொலி' என்று போட்டு, பக்கத்தில் ரூம் டோன் என்றும் எழுதுகிறோம். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது ஒரு நிமிடம், பேசிய அதே இடத்தில், மைக்கை அசைக்காமல், விசிறி ஓடியிருந்தால் அதை நிறுத்தாமல்.

கல்லடியிலிருந்து:

சரி. நான் என் பிள்ளைகளுக்குச் சுருதி என்றே சொல்லிக்கொடுப்பேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

அச்சுக்கு இடவொலி போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் இடவொலி என்றால் சந்தையின் கூச்சலும் இடவொலிதான். ஒருவரும் பேசாதபோது மிஞ்சுவதை மட்டும் அது சுட்டாது. தம்பி, வருகிற பறுவத்துக்கு (பௌர்ணமிக்கு) மாணவர்களைப் பாலத்தடிக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் எனக்கும் ஓர் இடம் வையுங்கள். அங்கே சாமத்தில் பதிகிற அந்த ஒரு நிமிடத்துக்காவது நள்ளொலி என்று பெயர் எழுதுங்கள்.