மோட்டார்ஹோமின் பின்னால் இழுத்துச் செல்லும் ஜீப்புக்கு எந்தத் துணை பிரேக் பொருந்தும்?

அல்சூர்வாசி:

வணக்கம். என் மகளும் மருமகனும் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் வசிக்கிறார்கள். ஃபோர்டு எஃப்-53 சேசிஸ் (அடிச்சட்டம்) மீது கட்டப்பட்ட, பெட்ரோலில் ஓடும் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறார்கள். தங்களுடைய 2016ஆம் ஆண்டு நான்கு கதவு ஜீப் ராங்லரை, நான்கு சக்கரங்களும் தரையில் உருள, அதன் பின்னால் டோ பார் என்னும் இணைப்புத் தண்டு கொண்டு இழுத்துச் செல்லத் திட்டமிட்டிருக்கிறார்கள். பெங்களூரு பீன்யாவில் பட்டறை நடத்தியவன் என்பதால், முன்வண்டி நிற்கும்போது ஜீப்பின் பிரேக்கையும் இயக்கும் துணை பிரேக்கைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மருமகன் என் தலையில் கட்டிவிட்டார். அடுத்த கோடையில் நாங்களும் அவர்களுடன் கொலராடோ மலைப்பகுதி வரை போகவிருக்கிறோம்.

ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வைத்து பெடலை அழுத்தும் பெட்டி, காருக்குள் நிலையாகப் பொருத்தும் அமைப்பு, டோ பாரிலேயே சேர்ந்து வரும் கேபிள் பிரேக் என்று மூன்று வகைகளைப் பார்த்தேன். மோட்டார்ஹோமே பத்து டன் என்னும்போது ஜீப்புக்குத் தனியாக பிரேக் எதற்கு என்று மருமகனின் நண்பர் கேட்கிறாராம். அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வைட்ஃபீல்டு பொறியாளர்:

ஐயா, வணக்கம். நான் இங்கே வாகன பிரேக் வடிவமைப்புத் துறையில் பணிபுரிகிறேன். நண்பரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். எஃப்-53 வகையில் பரவலாக உள்ள ஒன்றில் வண்டியின் உச்ச எடை 22,000 பவுண்டு. பின்னால் இழுப்பதையும் சேர்த்த உச்ச எடை 26,000 பவுண்டு. மோட்டார்ஹோமின் சொந்த பிரேக்குகள் முதல் எண்ணுக்காகத்தான் கணக்கிடப்பட்டவை. இரண்டாவது எண்வரை இழுக்கலாம் என்றால், கூடுதல் எடை தனக்கான பிரேக்கைத் தானே கொண்டுவர வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. உங்கள் ஜீப் ஏறக்குறைய 4,200 பவுண்டு, அதாவது சுமார் 1,900 கிலோ. அதே வேகத்தில் நிறுத்த வேண்டிய ஆற்றலை அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூட்டிவிடுகிறது. சட்டத்தைப் பொறுத்தவரை, இழுவண்டிகளுக்கு பிரேக் கட்டாயமாகும் எடை வரம்பைப் பல மாநிலங்கள் 3,000 பவுண்டில் வைத்திருக்கின்றன. சில மாநிலங்களில் அது 1,500 பவுண்டுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர், பெட்ரோல், சாமான்கள் எல்லாம் ஏற்றி மோட்டார்ஹோம் 22,000 பவுண்டைத் தொட்டுவிட்டால், ஜீப்புக்கு மிஞ்சுவது 4,000 பவுண்டு மட்டுமே. ஆகையால், கதவருகே ஒட்டியிருக்கும் தகட்டில் உங்கள் வண்டியின் எண்களைப் படித்துவிட்டு, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

இனித் தேர்வுக்கு வருவோம். விலையைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பெட்டி வகையும் சரி, நிலையான வகையும் சரி, பொதுவாக ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். இழுக்கப்படும் காரில் என்ஜின் ஓடாதபோது அதன் பிரேக் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், நிறுத்தி வைத்த உங்கள் சொந்தக் காரிலேயே இதைச் சோதிக்கலாம். என்ஜினை அணைத்துவிட்டு பெடலை நான்கைந்து முறை அழுத்துங்கள். முதல் ஓரிரு முறை மென்மையாக இறங்கும். பெடலை அழுத்த வெற்றிடத்தால் துணைபுரியும் பூஸ்டரில் மிச்சமிருந்த வெற்றிடம் தீர்ந்ததும் பெடல் கல்லாகிவிடும். இழுத்துச் செல்லும்போது ஜீப்பின் பெடலும் இந்த நிலையில்தான் இருக்கும். பெட்டி வகைகள் இந்தக் கல் பெடலை வலுவாகத் தள்ளும்படி அமைக்கப்பட்டவை. டெம்கோ நிறுவனத்தின் ஸ்டே-இன்-ப்ளே டுவோ போன்ற நிலையான அமைப்பு, பூஸ்டருக்குத் தானே வெற்றிடத்தை உருவாக்கிக் கொடுப்பதால், பெடலை மென்மையாக இழுத்தாலே போதுமானதாகிறது. ஏர் பிரேக் உள்ள டீசல் மோட்டார்ஹோமாக இருந்தால், அதன் காற்றழுத்தத்தைக் கொண்டே இயங்கும் ஏர் ஃபோர்ஸ் ஒன் போன்றவற்றைச் சொல்லியிருப்பேன். உங்களுடையது ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக், என்பதால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஒரே ஜீப்பைத்தான் ஆண்டுக்கணக்கில் இழுக்கப் போகிறார்கள் என்றால், என் வாக்கு நிலையான வகைக்கே.

இந்திராநகர் மலர்:

டென்வரில் இருக்கும் என் அண்ணன் பெட்டி வகையைத்தான் வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு காரை மாற்றினாலும் பெட்டியைத் தூக்கி அதில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவருக்குப் பெரிய வசதி. ஆனால் ஒவ்வொரு காலையும் அதைப் பொருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. மேலே பொறியாளர் சொன்னதைப் போல, முதலில் பெடலைப் பலமுறை அழுத்தி வெற்றிடத்தைத் தீர்த்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் பெட்டியைப் பூட்டினால், முதல் அழுத்தத்திலேயே காரின் சக்கரங்கள் இறுகிவிடக்கூடும். பிறகு கொக்கியைப் பெடலில் மாட்டி, பெட்டியின் முதுகு இருக்கையில் முட்டும்வரை இருக்கையை நகர்த்த வேண்டும். முகாமுக்கு வந்து கடைக்குப் போக வேண்டுமென்றால், பெட்டியை எடுத்து எங்கேயாவது வைக்க வேண்டும். ஓரிடத்தில் பல நாள் தங்குபவர்களுக்கு இது பெரிய தொல்லை அன்று. நாள்தோறும் இடம் மாறுபவர்களுக்கு அலுத்துவிடும்.

அல்சூர்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. எடைமேடைச் செய்தியை மருமகனுக்கு உடனே அனுப்பிவிட்டேன். டோ பாரிலேயே வரும் கேபிள் வகையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? மின்சாரமே தேவையில்லை என்பதால், பட்டறைக்காரனான எனக்கு அதன்மேல்தான் ஆசை.

வைட்ஃபீல்டு பொறியாளர்:

உங்கள் ஆசை நியாயமானதே, ஐயா. முன்வண்டி வேகம் குறையும்போது பின்கார் முன்னோக்கி முட்டுகிறது; அந்த முட்டலில் டோ பாரின் ஒரு பகுதி உள்ளே நகர்ந்து, கேபிள் வழியாகப் பெடலை இழுக்கிறது. பழுதாகக்கூடிய உறுப்புகள் மிகக் குறைவு. ஆனால் நீங்கள் போகவிருப்பது கொலராடோ. ஐ-70 சாலையில் ஐசனோவர் சுரங்கத்தை விட்டு இறங்கும் சரிவு 7 சதவீதம் வரை உண்டு. அத்தகைய இறக்கத்தில் கீழ் கியரில் என்ஜினால் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கைத் தொடாமல் இறங்குவதுதான் முறை. திம்பம் மலைப்பாதையில் நம் லாரிக்காரர்கள் செய்வதும் அதுவே. அப்போதும் ஜீப் முன்னோக்கி முட்டிக்கொண்டுதான் இருக்கும். என்ஜினால் வேகம் குறைவதையும் பிரேக்கால் குறைவதையும் கேபிளுக்குப் பிரித்தறியத் தெரியாது. நெடுநேரம் இலேசாக உரசிக்கொண்டே வரும் பிரேக் சூடேறும். நான் சொன்ன நிலையான அமைப்போ, முன்வண்டியின் பிரேக் விளக்கு எரிவதும் வேகம் குறைவதும் சேர்ந்து நிகழ்ந்தால் மட்டுமே இயங்குகிறது. மலைப்பயணத்துக்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

எதை வாங்கினாலும் இரண்டு துணைப்பொருள்களில் சிக்கனம் வேண்டாம். ஜீப்பின் பிரேக் பிடித்திருக்கிறதா என்பதை மோட்டார்ஹோம் ஓட்டுநருக்குக் காட்டும் விளக்கு ஒன்று. ஜீப்பின் பேட்டரி வழியில் தீர்ந்துவிடாமல் முன்வண்டியிலிருந்து வரும் சார்ஜ் கம்பி மற்றொன்று.

இந்திராநகர் மலர்:

ஜீப் கழன்றுவிட்டால் அதைத் தானாக நிறுத்தும் பிரேக்அவே கம்பியையும் நினைவில் வையுங்கள். அதன் முன்முனையை டோ பாரிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ மாட்டாமல், மோட்டார்ஹோமின் அடிச்சட்டத்திலேயே மாட்ட வேண்டும். டோ பாரே மோட்டார்ஹோமிலிருந்து கழன்றுவந்தால், அதில் மாட்டிய கம்பி எதையும் இழுக்காது. வளைவில் திரும்பும்போது இறுகாத அளவுக்கு நீளமும், தரையில் உரசாத அளவுக்கு உயரமும் அதற்கு இருக்கட்டும்.