தோட்டத்துக் குளத்தின் மண்கரை கசிகிறது, யாரிடம் சொல்வது?

லயத்துக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம், ஒரு பழைய தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறேன். தோட்டம் பால்மரமாக, அதாவது ரப்பராக, இருந்த காலத்தில் ஆலைக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஓர் ஓடையை மறித்து மண்கரை போட்டிருக்கிறார்கள். இப்போது எல்லாம் செம்பனை, ஆலையும் இல்லை. குளத்தை மட்டும் ஒருவர் குத்தகைக்கு எடுத்து, தூண்டில் போடும் குளமாகவும் பெடல் படகு விடும் இடமாகவும் நடத்துகிறார். சனி ஞாயிறில் ஈப்போவிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள்.

கீழ்ப்பக்கம் நின்று பார்த்தால் கரை இரண்டு மாடி வீட்டு உயரம் இருக்கும். தண்ணீர்ப் பரப்பு சுமார் ஐந்து ஏக்கர். கரைக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் பழைய லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன, அதற்கு அடுத்து தமிழ்ப்பள்ளியின் திடல்.

என் கவலை இதுதான். கரையின் ஓர் ஓரத்தில் மிச்சத் தண்ணீர் வழிந்து போக ஒரு சிமெண்ட் வாய்க்கால் உண்டு, ஸ்பில்வே என்பார்களே, அது. மீன் தப்பிவிடக் கூடாது என்று அதன் வாயில் கம்பிவலை கட்டியிருக்கிறார்கள். படகுக்கு ஆழம் வேண்டும் என்று பலகையும் சொருகி, தண்ணீரை ஓர் அடி உயர்த்தியிருக்கிறார்கள். செம்பனை ஓலையும் குப்பையும் வலையில் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அப்புறம், கரையின் அடிவாரத்தில் பழைய இரும்புக் குழாய் வெளியே வரும் இடத்தைச் சுற்றி வெயில் காலத்திலும் ஈரம் காயவில்லை, கோரை பச்சையாக நிற்கிறது.

ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன், இது எங்கள் அணைப் பட்டியலில் இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில், தனியார் நிலம், நாங்கள் நுழைய முடியாது என்றார்கள். இது உண்மையிலேயே ஆபத்தா? ஆபத்து என்றால் யார்தான் பொறுப்பு?

வடிகால் பெரியவர்:

தம்பி, நான் வடிகால், மண்வேலை என்று இருந்து ஓய்வுபெற்றவன். நீங்கள் சொன்னவற்றில் என்னை முதலில் பயமுறுத்துவது கசிவு அல்ல, அந்தப் பலகையும் வலையும்தான். மண்கரை பக்கத்திலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும், தலைக்கு மேல் ஓடும் தண்ணீரைத் தாங்காது. ஒருமுறை கரைக்கு மேல் வழிய ஆரம்பித்தால் கீழ்ச்சரிவின் மண்ணை அரித்து, அரித்த இடத்தில் இன்னும் வேகமாகப் பாய்ந்து, சில மணி நேரத்தில் கரையை இரண்டாகப் பிளந்துவிடும். அதைத் தடுக்க இருக்கும் ஒரே வழி அந்த வாய்க்கால். அதைத்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர் என்றால் ஏறக்குறைய 20,000 சதுர மீட்டர். கரையோரம் ஆழம் 6 மீட்டர் என்று வைத்து, பரப்பை ஆழத்தாலும் 0.4 ஆலும் பெருக்கினால் (சிறு குளத்துக்குத் தோராயமாக இப்படித்தான் போடுவது) 48,000 கன மீட்டர் வருகிறது. அதாவது 48,000 டன் தண்ணீர் லயத்துக்கு மேலே நிற்கிறது. ஓர் அடிப் பலகையால் மட்டும் கூடியது சுமார் 6,000 டன். அந்த ஓர் அடி, பெருமழைக்கு என்று கரையின் தலைக்குக் கீழே காலியாக விட்டிருந்த இடம்.

பட்டியலில் இல்லை என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்காது. உலகப் பெரிய அணைகள் ஆணையத்தின் கணக்கில் 15 மீட்டர் உயரம் இருந்தால் பெரிய அணை, அல்லது 5 முதல் 15 மீட்டருக்குள் இருந்து 3 மில்லியன் கன மீட்டருக்கு மேல் பிடிக்க வேண்டும். உங்கள் குளம் அதில் எங்கேயும் வராது. நம் நாட்டில் 2017-ல் வந்த மைடாம்ஸ் அணைப் பாதுகாப்பு வழிகாட்டி இருக்கிறது, ஆனால் அது வழிகாட்டி, சட்டம் அல்ல. சிறிய கரையாக இருந்தாலும் கீழே வீடு இருந்தால் அதை ஆபத்தான அணை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

கசிவுக்கு வருகிறேன். எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியும். தெளிந்த தண்ணீர் ஒரே அளவில் வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வையுங்கள், அடியில் மண் படிகிறதா பாருங்கள். மண் வந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது என்று பொருள். பழைய இரும்புக் குழாயை ஒட்டி இது நடப்பது மிகச் சாதாரணம், குழாய் துருப்பிடித்துப் போகும், அதைச் சுற்றி மண்ணை இறுக்கிப் போடுவதும் கடினம். குளத்தின் மட்டம் ஏறாமலே கசிவு கூடினாலும், கலங்கலாக வந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், லயத்து மக்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டு 999-ஐ அழையுங்கள். நல்ல எண்ணத்தில் யாராவது களிமண்ணைக் கொட்டி ஓட்டையை அடைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். தண்ணீர் வேறு பக்கம் வழி தேடும். அங்கே மணலும் அதற்கு மேல் ஜல்லியும்தான் போட வேண்டும், தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும்.

கங்காணி வீட்டுப் பிள்ளை:

தம்பி, நான் அந்த மாதிரி லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்போது குளத்துக்கென்றே ஒரு ஆள் இருப்பார். காலையில் கரைமேல் நடப்பது, புல் வெட்டுவது, எலிப்பொந்தும் கரையான் புற்றும் இருந்தால் கிராணியிடம் (தோட்ட அலுவலக எழுத்தரிடம்) சொல்வது எல்லாம் அவர் வேலை. ஆலைக்குத் தண்ணீர் நின்றால் வேலை நிற்கும், அதனால் நிர்வாகம் கவனித்தது. தோட்டம் கைமாறியது, ஆலை போனது, அந்த ஆளின் வேலையும் போனது. குளம் மட்டும் நிற்கிறது. இப்போதைய முதலாளிக்கு அது எண்ணெய் தராத நிலம், குத்தகைக்காரருக்கு அது மீன், கரையை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று. லயத்தில் இருப்பவர்களிடம் யாராவது பேசினீர்களா? அவர்களில் வயதானவர்கள் இருப்பார்கள், வெளிநாட்டுத் தொழிலாளிகளும் இருப்பார்கள், அவர்களுக்குத் தமிழோ மலாயோ புரியாது. இரவில் ஏதாவது என்றால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முதலில் அவர்களுக்குத் தெரியட்டும்.

தூண்டில் மன்னன்:

நான் அந்த மாதிரிக் குளங்களுக்கு அடிக்கடி போகிறவன். பாத்தின், திலாப்பியா விட்டு நடத்துகிறவர்கள் பெரிய பணக்காரர்கள் இல்லை அண்ணே, வலை இல்லாவிட்டால் ஒரே மழையில் முதலீடு எல்லாம் ஓடையில் போய்விடும். இத்தனை வருடம் கரை நிற்கிறது. பெரிய மழை வந்தால் பலகையை எடுத்துவிடுவார்கள். புகார், கடிதம் என்று போனால் குளத்தையே மூடிவிடுவார்கள், நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை போக வேறு என்ன இடம் இருக்கிறது?

வடிகால் பெரியவர்:

உங்கள் ஆதங்கம் புரிகிறது. குளம் இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் தண்ணீர் முட்டி நிற்கும்போது பலகையைக் கையால் இழுக்க முடியாது, அழுத்தத்தில் அது பள்ளத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதுவும் அக்டோபர், நவம்பர் மழை சாயங்காலம் பிடித்து இரவு வரை அடிக்கும். அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார்?

ஜகார்த்தா அருகே சித்து கிந்துங் என்று ஓர் ஏரி. டச்சுக்காரர்கள் 1930களில் பாசனத்துக்காகக் கட்டிய மண்கரை, பிறகு ஊர் வளர்ந்து உல்லாசத்துக்கு வருகிற இடமாகிவிட்டது. அதுவும் எத்தனையோ வருடம் நின்ற கரைதான். 2009 மார்ச் 27 அன்று, கனமழைக்குப் பிறகு, விடியும் முன்னே உடைந்தது. சுமார் நூறு பேர் இறந்தார்கள். ஹவாயில் கா லோகோ என்ற கரை கரும்புத் தோட்டத்துக்காகக் கட்டியது, 2006 மார்ச்சில் உடைந்து ஏழு பேர் போனார்கள். உபரிநீர் வாய்க்கால் மண்ணால் மூடப்பட்டிருந்ததை விசாரணை அறிக்கை காரணமாகச் சுட்டியது. தோட்டக் கரை, கைமாறிய நிலம், அடைபட்ட வாய்க்கால் என்று நம் கதையேதான்.

மீனுக்கு வழி இருக்கிறது. வாய்க்காலின் வாயில் நெருக்கமான வலை வேண்டாம், குளத்துக்குள்ளே சில மீட்டர் தள்ளி அகலமாக, சாய்வாகக் கம்பித் தடுப்பு போடலாம். குப்பை ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் தண்ணீர் போகும். பலகை மட்டும் போயே ஆக வேண்டும். ஒரேயடியாக உருவிவிடாதீர்கள், ஒவ்வொன்றாக எடுங்கள். மட்டம் ஒரே நாளில் ஓர் அடிக்கு மேல் இறங்கினால் குளத்துப் பக்கச் சரிவு ஈரக் கனத்தோடு சரிந்துவிடக்கூடும். கரைமேல் பெரிய மரம் இருந்தால் பெக்கோவை (மண் தோண்டும் இயந்திரத்தை) விட்டு வேரோடு பிடுங்கவும் வேண்டாம்.

வக்கீல் கிளார்க்:

பொறுப்பு யாருடையது என்று கேட்டீர்கள். நிலத்தின் உரிமையாளரிடமிருந்து தொடங்குங்கள். 1868-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டில் முடிந்த ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கே ஒரு நீர்த்தேக்கத்தைப் பற்றியதுதான். தன் நிலத்தில் தண்ணீரைத் தேக்கியவன், அது தப்பிப் போய் அடுத்தவன் சுரங்கத்தை மூழ்கடித்ததற்கு, தன் கவனக்குறைவு நிரூபிக்கப்படாமலே பொறுப்பானான். 1956 சிவில் சட்டத்தின் வழியாக அந்தக் கொள்கை நம் நீதிமன்றங்களுக்கும் வந்திருக்கிறது. குத்தகைக்கு விட்டுவிட்டேன் என்று சொல்லி நில உரிமையாளர் எளிதாக நழுவிவிட முடியாது. எழுத்தில் அவர் கைக்கு விஷயம் போய்ச் சேர்ந்தால், எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்லவும் முடியாது.

தனியார் நிலம் என்பதும் முழுப் பதில் இல்லை. ஓடையை மறிப்பது 1920 தண்ணீர்ச் சட்டத்தில் வருகிறது, பேராக்கில் அது செல்லும், ஆறும் ஓடையும் மாநிலத்தின் பொறுப்பு. கரையை உயர்த்தி மண் போட்டிருந்தால் 1974-ன் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 70ஏ பிரிவின்படி ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். நிலம் விவசாயம் என்று பதிவாகியிருந்தால் உல்லாசத் தொழில் நடத்துவதே நில அலுவலகத்தின் விஷயம். ஆகவே ஒரே கடிதத்தை நில உரிமையாளர், ஜேபிஎஸ் (வடிகால் நீர்ப்பாசனத் துறை), ஊராட்சி மன்றம், நில அலுவலகம் என்று எல்லாருக்கும் அனுப்பி, யார் யாருக்குப் போகிறது என்பதை அடியில் தெரியும்படி போடுங்கள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட முடியாது. மாவட்ட அதிகாரிக்கும் ஒரு நகல் கட்டாயம், மாவட்டப் பேரிடர் செயற்குழுவுக்கு அவர்தான் தலைவர். நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

லயத்துக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பெரியவர் சொன்ன கணக்கைக் குத்தகைக்காரரிடம் காட்டினேன், அந்த 6,000 டன் அவரை யோசிக்க வைத்தது. முதல் பலகையை எடுத்துவிட்டார், மீதியையும் நாளுக்கு ஒன்றாக எடுப்பதாகச் சொல்கிறார். தூண்டில் மன்னன், கம்பித் தடுப்பை வெல்டிங் செய்ய ஆள் தெரிந்தால் சொல்லுங்கள், செலவில் பாதியைத் தாமான்காரர்கள் போடத் தயார்.

போத்தலில் பிடித்த தண்ணீர் இப்போதைக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. கடிதத்தை மலாயில் எழுதுகிறேன், வலையில் குப்பை அடைத்த படமும் குழாய்ப் பக்கத்துப் படமும் சேர்க்கிறேன். அக்கா சொன்னபடி இன்று மாலை லயத்துக்குப் போகிறேன், அங்குள்ள வங்காளதேசத்துத் தொழிலாளிகளிடம் பேசக்கூடிய ஒருவரையும் கூட்டிக்கொண்டு. பெரியவருக்கு ஒரு கேள்வி: குழாயை ஒட்டிய கசிவு ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று வாளி வைத்து அளந்து எழுதி வைத்தால், ஜேபிஎஸ்காரர்கள் வரும்போது அது அவர்களுக்கு உதவுமா?

வடிகால் பெரியவர்:

மிகவும் உதவும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வாளியில் அளந்து, பக்கத்திலேயே குளத்தின் மட்டத்தையும் மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். மட்டத்தைப் பார்க்க, வாய்க்கால் சுவரில் அளவுக்கோடு வரைந்துகொண்டால் போதும்.