யோடலுக்கு என்ன சொல்? தாவுகுரல், குலவை, கூவிளி

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்கக் கண்ட்ரி இசையின் தொடக்ககாலப் பாடகியர் பற்றிய அத்தியாயம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘ஐ வாண்ட் டு பி அ கவ்பாய்ஸ் ஸ்வீட்ஹார்ட்’ பாட்டில் (1935, அவரே எழுதியது) பாட்சி மொன்டானா யோடல் பாடுகிறார். அடிக்குரலிலிருந்து சட்டென்று உச்சிக்குரலுக்கு ஏறி, அதே வேகத்தில் இறங்குகிறார். மாறும் இடத்தில் குரல் உடைவது காதில் விழ வேண்டும், அழகே அதுதான். ‘கள்ளக்குரல்’ என்று எழுதிப் பார்த்தேன். இவ்வளவு துணிச்சலாகப் பாடுகிறவரிடம் ‘கள்ள’ என்று ஒட்ட மனம் வரவில்லை.

~

அக்கா, குலவை இருக்கிறதே! நாற்று நடும்போது பெண்கள் இடுவது. படித்ததும் எல்லாருக்கும் புரியும்.

~

தம்பி, குலவையில் ஆடுவது நாக்கு. இங்கே மாறுவது தொண்டை. மின்னசோட்டாப் பண்ணையில் வளர்ந்த டிசூரிக் சகோதரிகள் பறவைகள் கத்துவதையே யோடலில் கொண்டுவந்தார்கள். சிகாகோ வானொலியின் ‘நேஷனல் பார்ன் டான்ஸ்’ நிகழ்ச்சியில் பாடியவர்கள். அதைக் குலவை என்றால் வாசகர் வேறு ஒலியைக் கேட்பார். ‘தாவுகுரல்’ எப்படி? வினைத்தொகை, ஊறுகாய் போல. தயவுசெய்து நடுவில் ‘க்’ போடாதீர்கள்.

~

அம்மா, சிலப்பதிகாரக் காலத்து இசையில் குரல் என்பது ஏழு சுரங்களில் முதலாவது. குரல், துத்தம், கைக்கிளை என்று எண்ணிப் பழகியவருக்குச் சட்ஜமே தாவுவதாகப் படும். வேரைப் பாருங்கள். யோடல் ஜெர்மன் மொழியில் ‘யோ’ என்று கூவுவதில் பிறந்தது. நமக்கும் ‘கூ’ இருக்கிறது: கூவு, கூப்பிடு, கூப்பிடு தூரம். ஆல்ப்ஸ் மலையில் இடையர் அழைத்ததும் இதுவே. ‘கூவிளி’ என்று பழஞ்சொல்லே உண்டு.

~

ஐயா, சொல் அருமை. ஆனால் கூவிளியைப் பார்த்ததும் பிழைதிருத்துபவர் கூவிளம் என்று மாற்றிவிடுவார், தேமா புளிமா நினைவில். மொன்டானா மைக் முன்னால் நின்று பாடியவர், எதிர்மலைக்கு யாரையும் அழைக்கவில்லை. குரலைச் சுரமாக எண்ணுவோர் இன்று எத்தனை பேர்?

~

சரி, நேரமில்லை. நால்வர் தாவுகுரல் என்கிறார்கள். முதல் இடத்தில் ‘யோடல் என்னும் தாவுகுரல்’, அப்புறம் தாவுகுரல் மட்டும். குலவை கேட்ட தம்பி பொறுத்துக்கொள்ளட்டும்.

~

அம்மா, என் வாக்கு கூவிளிக்கே. குரல் மாறும் விதத்தை உங்கள் சொல் காட்டுகிறது, கூப்பிடுவதைக் காட்டவில்லை. அடிக்குறிப்பிலாவது அதற்கு இடம் உண்டா?